ஆலையில் வேலை குறையும்போது: ஒரகடம் வட்டாரம் கற்பிக்கும் பாடம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடத்தில் அமைந்துள்ளது ஒரகடம். ஒரு தலைமுறைக்கு முன் இச்சுற்றுப்புறக் கிராமங்கள் ஏரிப் பாசனத்தை நம்பி, சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் பார்த்துப் பயிர் செய்து வாழ்ந்தவை. இன்றோ அதே ஏரிக்கரைகளின் ஓரமாக மோட்டார் வாகனம், டயர், கைப்பேசி, மின்னணுச் சாதனம் ஆகியவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் நிற்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை வேலை தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார் ஆலையும் அப்பல்லோ டயர் ஆலையும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் எழுந்தன.

இவ்வாலைகளால் நம் கிராமத்து இளைஞர்க்கும் பெண்களுக்கும் மாதச் சம்பளம் கிடைத்தது. குடிசைகள் காரை வீடுகளாயின. பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றார்கள். இந்நன்மையை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் மழைக்கு நல்ல ஆண்டும் பொய்த்த ஆண்டும் இருப்பதுபோல் ஆலைத் தொழிலுக்கும் உண்டு. மழை பொய்த்தால் என்ன செய்வது என்பதை நம் முன்னோர் பல தலைமுறை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஆலை வேலை பொய்த்தால் என்ன செய்வது என்பதை நாம் இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் சேர்ந்து சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மந்தம் எவ்வாறு வருகிறது?

ஏரியில் நீர் குறையும்போது எந்த நிலம் முதலில் காய்கிறது? மதகை ஒட்டிய வயல் கடைசி வரை நனைந்திருக்கும். கால்வாயின் கோடியில் இருக்கும் வயலே முதலில் வெடிக்கும். தொழில் மந்தமும் இதே முறையில்தான் பரவுகிறது. நாட்டில் கார் வாங்குவோர் குறைந்தால், விற்பனைக் கிடங்குகளில் வண்டிகள் தேங்குகின்றன. தேக்கத்தைக் கரைக்க ஆலை ஒரு ஷிப்டை நிறுத்துகிறது. அல்லது வாரத்தில் சில நாள் உற்பத்தியில்லா விடுமுறை அறிவிக்கிறது. அந்த ஆலைக்கு இருக்கையும் விளக்கும் ரப்பர்க் குழாயும் செய்து கொடுக்கும் துணை ஆலைகள் உடனே தம் உற்பத்தியைக் குறைக்கின்றன. அத்துணை ஆலைகளுக்கு ஒரு திருகாணியையோ தகட்டையோ கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளில் வேலை அடியோடு நின்றுபோகிறது.

ஆட்களின் நிலையும் அவ்வாறே. நிரந்தரத் தொழிலாளிக்கு மிகைநேர ஊதியம் குறைகிறது. பயிற்சியாளரின் தவணை முடிந்தால் புதுப்பிக்கப்படுவதில்லை. காண்டிராக்டர் மூலம் வந்தவருக்கோ, 'நாளை முதல் வரவேண்டாம்' என்ற ஒரு சொல்லே முடிவாகிவிடுகிறது. நம் கிராமங்களிலிருந்து செல்வோரில் பலர் இந்தக் கால்வாய்க் கோடியில் நிற்பவர்களே என்பதை நாம் மறக்கலாகாது.

2019ஆம் ஆண்டில் இதை நேரில் கண்டோம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், நாடெங்கும் பயணிகள் வாகன விற்பனை முந்திய ஆண்டு அதே மாதத்தைவிட 31 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வரவிருந்தமையால், பழைய வகை வண்டிகளை அதிகம் செய்து வைக்க ஆலைகள் தயங்கின, வாங்குவோரும் காத்திருந்தனர். அது தீருமுன் 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது.

ஓர் ஆலை மூடப்பட்ட வரலாறு

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் வரலாறு இவ்வட்டாரத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. செழிப்பான காலத்தில் அங்கு ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம் வயதினர், பெண்களே அதிகம். ஆலைக்கு உதிரிபாகம் தரும் நிறுவனங்களும் அருகிலேயே அமைந்தன.

பின்னர் மக்களின் விருப்பம் மாறிற்று. பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசிக்குப் பதிலாகத் தொடுதிரைக் கைப்பேசியை வாங்கத் தலைப்பட்டார்கள். 2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டது. 2014 ஏப்ரலில் அவ்விற்பனை நிறைவேறிற்று. ஆனால் வரி வழக்கினால் இங்குள்ள ஆலையின் சொத்து முடக்கப்பட்டிருந்தபடியால், ஆலை மட்டும் கைமாறவில்லை. சிலகாலம் மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்த அடிப்படையில் கைப்பேசி செய்து தந்தது. அவ்வொப்பந்தம் நின்றதும், 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி அடியோடு நின்றது. அதே ஆண்டு டிசம்பரில், அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் வேலையை நிறுத்தியது.

ஆலையில் பெரும்பாலோர் விருப்ப ஓய்வுத் தொகையைப் பெற்று வெளியேறினர். ஐந்து, ஆறு ஆண்டுகள் ஒரே வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்து பழகிய அவர்களுக்கு, கையில் பணம் இருந்தது. ஆனால் வேறோர் ஆலையில் காட்டத்தக்க பயிற்சிச் சான்று பலரிடம் இல்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 2019 நவம்பரில், மின்னேற்றிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அவ்வாலையை வாங்குவதாக அறிவிக்கப்பட்டு, பின்னர் அங்கு மீண்டும் வேலை தொடங்கிற்று. ஃபாக்ஸ்கான் நிறுவனமும் திரும்பி வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்கிறது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த ஃபோர்டு நிறுவனம், மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பப் பயன்படுத்த விரும்புவதாக 2024 செப்டம்பரில் தெரிவித்தது.

இவற்றால் இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. முதலாவது, இவ்வட்டாரத்தில் சாலையும் மின்சாரமும் துறைமுகத்தின் அண்மையும் பழகிய ஆட்களும் இருப்பதால், தொழில் திரும்பி வருகிறது. இரண்டாவது, அது திரும்பி வர ஐந்து ஆண்டு ஆகலாம். ஆலைக் கட்டடம் ஐந்து ஆண்டு பூட்டிக் கிடந்தாலும் கெடாது. ஒரு குடும்பத்தின் அடுப்பு ஐந்து நாள் பூட்டிக் கிடக்க முடியாது. இவ்விடைக்காலத்தைக் கடக்கும் வழியைத்தான் நாம் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்திடும் முன்

வேலை போகும் நாளில் தொழிலாளியின் முன் ஒரு காகிதம் நீட்டப்படுகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் தொகை அமைகிறது. ஆட்குறைப்பு என்பது வேறு. தாமாக ராஜினாமாச் செய்வது என்பது வேறு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும், ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம் தரவேண்டும். அத்துடன் வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும். புதிய தொகுப்பின்படி, மறுபயிற்சிக்கென்று மேலும் 15 நாள் ஊதியத்தை முதலாளி செலுத்த, அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேரவேண்டும். ஓராண்டுக்குள் அதே ஆலை மீண்டும் ஆள் எடுத்தால், நீக்கப்பட்டவர்க்கு முன்னுரிமையும் உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். நாளொன்றுக்கு 600 ரூபாய் ஊதியத்தில் ஒருவர் நான்கு ஆண்டு வேலை செய்திருக்கிறார் என்று கொள்வோம். 15 நாள் ஊதியம் 9,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய். மறுபயிற்சித் தொகை 9,000 ரூபாய். முன்னறிவிப்பு ஊதியம் இதற்குப் புறம்பு. ஆனால் அவர் 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டால், ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கோரும் உரிமை அவர் கையைவிட்டுப் போகிறது. ஒரு கையெழுத்தின் விலை 45,000 ரூபாய்க்கு மேல் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே, எந்தக் காகிதத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, விவரம் அறிந்தவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும். ஐயம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலரையும், தாலுகா சட்டப் பணிகள் குழுவையும் காலதாமதமின்றி அணுகலாம்.

காண்டிராக்டர் மூலம் வேலை செய்பவருக்கு ஊதியம் நிலுவையில் நின்றால், காண்டிராக்டர் தராதபோது அதைத் தரும் பொறுப்பு பிரதான முதலாளியைச் சேர்ந்தது. இதை நிலைநாட்ட, அடையாள அட்டை, ஊதியச் சீட்டு, வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல் கையில் இருக்கவேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ்ச் சேர்ந்தவர் தொழிலாளியாகக் கருதப்படுவதில்லை. தவணை முடிந்து வெளியே வரும்போது அவருக்கு இழப்பீடு கிடையாது. ஆதலால், தேர்வு எழுதிப் பழகுநர் சான்றிதழைப் பெறாமல் அவர் ஆலையை விட்டு வரலாகாது. அவர் அங்கு ஈட்டிய உண்மையான சொத்து அதுவே.

காப்புறுதியும் சேமநிதியும்

மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகை எங்கே போகிறது என்று கேட்டால், பலருக்கு விடை தெரிவதில்லை. தொழிலாளர் அரசு ஈட்டுறுதியில் 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. இதன் கீழ், வேலை இழந்தவர்க்கு உதவ 2018இல் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்ற திட்டம் ஏற்பட்டது. 2020இல் அதன் உதவித்தொகை சராசரி ஊதியத்தில் பாதியாக உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் 90 நாளுக்கு அது உரியது. மேற்சொன்ன 600 ரூபாய்த் தொழிலாளிக்கு இது 27,000 ரூபாய் ஆகிறது. இரண்டு ஆண்டு காப்புறுதியில் இருந்திருக்கவேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்க்கும், தாமே விருப்ப ஓய்வு பெற்றவர்க்கும் இது கிடைக்காது. இத்திட்டத்தின் கால எல்லை அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்திருப்பதால், வேலை போனவுடன் ஈட்டுறுதிக் கழகத்தின் கிளை அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பிப்பது நலம்.

சேமநிதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஓராண்டு ஓர் ஆலை, மறு ஆண்டு வேறோர் ஆலை என்று மாறும் இளைஞர்கள், ஒவ்வொரு முறையும் சேமநிதிப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். ஓய்வூதியம் பெறுவதற்குக் குறைந்தது 10 ஆண்டுச் சேவை கணக்கில் இருக்கவேண்டும். ஒரே கணக்கு எண்ணில் பழைய தொகையைப் புதிய ஆலைக்கு மாற்றிக்கொண்டால், வெவ்வேறு ஆலைகளில் செய்த சேவையும் ஒன்றாகக் கூடிவரும். முழுவதையும் எடுத்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்தே எண்ணவேண்டியதாகும். விதைநெல்லைக் குத்தித் தின்பது எத்தகையதென்று விவசாயிக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. வேறு வழியே இல்லாதபோதுதான் அதில் கை வைக்கவேண்டும்.

மந்த காலத்தில் வேலை தேடுவது எப்படி?

ஒரு பதவிக்கு நூறு பேர் போட்டியிடும் காலத்தில், 'எந்த வேலையும் செய்வேன்' என்று சொல்பவரைவிட, 'இன்ன வேலையைச் செய்ய அறிவேன்' என்று சான்றுடன் சொல்பவரே முன்னால் நிற்கிறார். வரிசையில் நின்று பாகங்களைப் பொருத்தும் வேலைக்கு ஆளைச் சில நாளில் பழக்கிவிடலாம். எனவே மந்தத்தில் அவ்வேலையே முதலில் குறைகிறது. இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர், கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரத்தை அமைப்பவர், ரோபாட்டை இயக்கிப் பராமரிப்பவர், தரம் அளந்து சோதிப்பவர் ஆகியோரை ஆலைகள் எளிதில் விடுவதில்லை; உற்பத்தி குறைந்தாலும் இயந்திரத்தைப் பேண வேண்டுமல்லவா? தவிரவும், இவர்களின் திறமை கார் ஆலைக்கும் பொருந்தும், கைப்பேசி ஆலைக்கும் பொருந்தும், மருந்து ஆலைக்கும் பொருந்தும். ஒரு தொழில் தளரும்போது வேறொன்றுக்கு மாறிக்கொள்ள இது வழி செய்கிறது.

இத்தகைய பயிற்சிக்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. தமிழக அரசு டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து, 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்ச் செலவில் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டத்தை மேற்கொண்டது. அதன்படி அமைந்த மையம் ஒன்று 2023இல் ஒரகடம் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலேயே திறந்து வைக்கப்பட்டது. வேலையில்லாத மாதங்களை வீட்டுத் திண்ணையில் கழிப்பதைவிட, அங்கு சென்று எந்தப் பயிற்சியில் சேர இயலும் என்று விசாரிப்பது சிறந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். தனியார் துறை வேலைக்கென 2020இல் அரசு தொடங்கிய இணையதளத்திலும் பெயரைப் பதியலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குச் சான்றிதழ்களுடன் செல்லவேண்டும். விண்ணப்பத்தில் 'மூன்றாண்டு அனுபவம்' என்று மட்டும் எழுதாமல், எந்த இயந்திரத்தில், எந்தப் பாகத்தை, எவ்வளவு நுட்பத்துடன் செய்தோம் என்று எழுதவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேலை அரிதாகும்போது தரகர்கள் பெருகுகிறார்கள். 'பெரிய கம்பெனியில் நிரந்தர வேலை. முன்பணம் இவ்வளவு' என்று சொல்லி, போலி நியமன உத்தரவு தந்து ஏமாற்றுவோர் உண்டு. நேர்மையான ஆலை எதுவும் வேலை தருவதற்குப் பணம் கேட்பதில்லை. மாட்டை விற்றோ நகையை அடகு வைத்தோ தரகரிடம் பணம் கட்டும் முன், அந்த ஆலையின் வாயிலிலேயே சென்று கேட்டுத் தெளிந்துகொள்வது அறிவுடைமையாகும்.

பஞ்சாயத்து என்ன செய்யலாம்?

வேலை தேடுவது தனி மனிதர் பாடு என்று பஞ்சாயத்து ஒதுங்கியிருக்கலாகாது. பெரிய செலவு எதுவுமின்றி அது செய்யத்தக்கவை பல.

முதலாவதாக, ஊரில் ஆலை வேலைக்குச் செல்வோரின் பதிவேடு ஒன்றை வைக்கவேண்டும். யார், எந்தத் தொழிலில், எத்தனை ஆண்டு, நிரந்தரமா, காண்டிராக்டா, பழகுநரா என்ற விவரம் அதில் இருக்கட்டும். அவரவர் சம்மதத்துடன் இதைத் தொகுப்பது முறை. ஓர் ஆலை ஆள் குறைக்கும்போது ஊரில் எத்தனை குடும்பம் பாதிக்கப்படும் என்பதும், வேறோர் ஆலை ஆள் கேட்கும்போது யாரை அனுப்பலாம் என்பதும் இதனால் உடனே விளங்கும்.

இரண்டாவதாக, கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் மே 1ஆம் தேதி தொழிலாளர் தினமன்று கூடுவதும் ஒன்று. அக்கூட்டத்தில் வேலைவாய்ப்பை ஒரு பொருளாக வைத்து, தொழிலாளர் துறை, ஈட்டுறுதிக் கழகம், தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றின் அலுவலர்களை அழைத்து விளக்கச் செய்யலாம்.

மூன்றாவதாக, ஊர் நூலகத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஓர் அறிவிப்புப் பலகையில் முகாம் தேதிகளையும், பயிற்சிச் சேர்க்கை நாட்களையும், இணையத்தில் விண்ணப்பிக்கும் வழியையும் எழுதி வைக்கலாம். படித்த இளைஞர் இருவர் மாலை நேரத்தில் மற்றவர்க்கு விண்ணப்பம் எழுத உதவலாம்.

நான்காவதாக, மகளிர் சுய உதவிக் குழுக்களின் துணையுடன், வேலை இழந்த குடும்பம் கந்துவட்டியில் சிக்காமல் காக்கவேண்டும். மோட்டார் சைக்கிள் தவணை, வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு அவகாசம் வேண்டுமானால், தவணை தவறும் முன்பே வங்கிக்குச் சென்று கேட்பதே நல்லது. தவறிய பின் கேட்டால் இரங்குவார் குறைவு.

நிலமும் தொழிலும்

விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. ஆலை வேலை இருக்கிறதென்ற தைரியத்தில் எஞ்சிய நிலத்தையும் விற்றுவிட்ட குடும்பங்களும், ஒரு ஏக்கரையாவது கைவிடாமல் வைத்திருந்த குடும்பங்களும் நம் கண்முன் இருக்கின்றன. மந்தம் வரும்போது இரண்டாவது வகைக் குடும்பம் அரிசியையாவது வெளியில் வாங்குவதில்லை. ஏரியைத் தூர் வாரி, வரத்துக் கால்வாயை ஆக்கிரமிப்பின்றிக் காத்து வருவது, ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் ஒரு காப்புறுதியே.

ஆலையில் கற்ற தொழில்நுட்பமும் ஊருக்கு அந்நியமானதன்று. மின்மோட்டார் பழுது பார்த்தல், டிராக்டர், அறுவடை இயந்திரம் ஆகியவற்றைப் பராமரித்தல், சொட்டுநீர்ப் பாசனக் கருவி அமைத்தல் ஆகியவற்றுக்கு அதே கை, அதே கருவி பயன்படுகின்றன. சொந்தப் பட்டறை தொடங்க விரும்புவோர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகி, வேலையற்ற இளைஞர்க்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் கீழ் மானியத்துடன் கூடிய கடனைப் பற்றி அறியலாம்.

தம்பி வேலையிழந்து வீடு திரும்பினால், 'சோம்பேறி' என்று ஏசுவது சிலர் வழக்கம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழக்கும்போது குற்றம் அவன் உழைப்பில் இல்லை என்பதை வீட்டுப் பெரியோர் உணரவேண்டும். சம்பா பொய்த்த ஆண்டில் எந்தத் தகப்பனும் வயலைச் சபித்து விடுவதில்லை. மண்ணை உழுது, எருவிட்டு, அடுத்த பருவத்துக்கு ஆயத்தம் செய்கிறான். அதே பொறுமையோடு தம் பிள்ளைகளின் திறமையையும் இடைக்காலத்தில் பண்படுத்தி வைப்பது பெற்றோர் கடமை. அதற்கு வேண்டிய வசதியைத் தேடித் தருவது பஞ்சாயத்தின் கடமை. வரும் கிராம சபையிலேயே இப்பணியைத் தொடங்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.